தையல் மெஷின் போட்ட தாளம்

என் சித்தி திண்டுக்கல்லில் தையல் வகுப்பு நடத்தினாள். அங்கே படித்த நான்கு பெண்களில் ஒருத்திக்கும் ஊசியில் நூல் கோக்கத் தெரியாது.

இது ஐம்பதுகளின் கடைசியில். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் சித்தி மதுரையில் மேடையேறிப் பரதநாட்டியம் ஆடியவள். பெண் பார்க்க வந்த சித்தப்பா வீட்டார் சீர்வரிசையில் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுத்தார்கள். இனிமேல் சலங்கையைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் இம்மியும் இறங்கி வரவில்லை. சித்தி தலையாட்டினாள். அதற்குச் சன்மானமாகப் புகுந்த வீட்டில் ஒரு தையல் மெஷின் கிடைத்தது. ஒரு குடும்பப் பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தார்கள் போலும்.

சித்தப்பாவுக்கு வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் மேஸ்திரி வேலை. காலையில் மில் பஸ் ஏறினால் இருட்டித்தான் திரும்புவார். பள்ளிக்கூடம் விட்டதும் அந்த நான்கு பெண்களும் துணிப்பையோடு வருவார்கள். சித்தி கதவைச் சாத்திவிட்டு, தரையில் சாக்கை விரித்து நாட்டியப் பாடத்தை ஆரம்பிப்பாள். பெண்களின் அம்மாக்களுக்கு விஷயம் தெரியும், அப்பாக்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சித்தியே காலையில் உட்கார்ந்து பாவாடை, ஜாக்கெட் என்று தைத்து ஆளுக்கொன்று கொடுத்தனுப்புவாள். மகள் தைத்தது என்று அந்த அப்பாக்கள் பூரித்துப்போனதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

மெஷினை மிதிப்பது என் வேலை. எனக்கு ஒன்பது வயது. முழங்கால் இரண்டும் வெளியே விரியப் பாதி உட்கார்ந்த நிலைதான் நாட்டியத்துக்கு அஸ்திவாரம். முதல் நாளே சித்தி என் காலை விரித்து அழுத்திப் பார்த்துவிட்டு, "உனக்கு அரைமண்டி உக்காராதுத்தா. நீ மெசினைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டாள். கால்கள் தரையைத் தட்டும் சத்தம் தெருவுக்குக் கேட்காமலிருக்க, நூலும் துணியும் இல்லாத மெஷினை நான் விடாமல் ஓட்ட வேண்டும். சொந்த அக்கா மகளை மூலையில் உட்கார வைத்துவிட்டு, ஊரார் பெண்களுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

நால்வரில் டாக்டர் வீட்டுப் பெண்தான் கெட்டிக்காரி. டாக்டரை மட்டும் அவர் மனைவி பேசி இசைய வைத்துவிட்டதால், தை மாதம் அவளுக்குச் சலங்கை பூஜை செய்து மேடையேற்றுவது என்று முடிவாகியிருந்தது.

"அந்தப் புள்ள ஒரு தடவ மேடையேறிட்டா, சொல்லிக் குடுத்தது யாருன்னு ஊரே கேக்கும்க்கா. அதுக்கப்புறம் யாரும் என்னைய ஒளிச்சு வைக்க முடியாது" என்று சித்தி என் அம்மாவிடம் சொன்னாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. சித்தி "தெய்யா தெய்" என்று சொல்லச் சொல்ல, அதே அளவில் மெஷினை மிதிக்கத் தொடங்கினேன். அவள் வேகத்தைக் கூட்டினால் நானும் கூட்டினேன், நிறுத்தினால் நிறுத்தினேன். என்றாவது திரும்பிப் பார்த்து மெச்சுவாள் என்று காத்திருந்தேன். பத்து நாளாகியும் அவள் திரும்பவில்லை.

பதினோராம் நாள் மில்லில் கரண்ட் நின்றுபோய், சித்தப்பா சீக்கிரமே வந்துவிட்டார். கதவைத் தட்டாமல் தெருவில் நின்று கேட்டிருக்கிறார். பிறகு கொல்லைப்புறமாக உள்ளே வந்தார். பெண்கள் ஆடிய நிலையிலேயே நின்றுவிட்டார்கள். நான் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கத்தவில்லை. "மில்லுல அம்புட்டு மெசின் ஓடுது. ஒண்ணுகூடத் தாளம் போட்டு ஓடி நான் கேட்டதில்ல" என்றார். குனிந்து மெஷினின் தோல் பெல்ட்டைக் கழற்றினார். அதைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று முதல் தினமும் அதை மில்லுக்கு எடுத்துப் போனார்.

டாக்டர் வீட்டுப் பெண் மதுரையிலிருந்து வந்த ஒரு வாத்தியாரிடம் மீதியைக் கற்றுக்கொண்டு, சொன்னபடி தையில் மேடையேறினாள். சொல்லிக் கொடுத்தது யார் என்று ஊர் கேட்கத்தான் செய்தது. வாத்தியாரின் பேரைச் சொன்னார்கள். சித்தி அதற்குப் பிறகு சாகும்வரை ஒருவருக்கும் ஓர் அடவுகூடச் சொல்லித் தரவில்லை. சித்தப்பாவை நான் மன்னிக்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்ளவும் வழி தெரியவில்லை.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு யோசித்தது. அன்று பெண்கள் போன பிறகு சித்தி சாக்கைச் சுருட்டி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏத்தா, எத்தன நாளா இப்படி மிதிக்கிறே?"

"பத்து நாளா, சித்தி."

"ஒரு எடத்துல பிசகியிருந்தாலும் என் காதுல விழுந்திருக்குமே" என்று மெதுவாகச் சொன்னாள். "நீ பிசகவே இல்லத்தா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஓட்டமாக எங்கள் வீட்டுக்கு ஓடி, நடந்ததையெல்லாம் மூச்சு வாங்கச் சொல்லி, நான் பிசகவே இல்லை என்று சித்தி வாயாலேயே சொல்லிவிட்டாள் என்று முடித்தேன். அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். சித்தியே மெச்சிய பிறகு அம்மா எதற்காக அடித்தாள் என்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன்.