எங்க அக்கா அணைக்காத சூடம்

எங்க அக்கா அய்யம்மா அன்னைக்குச் சூடத்தை அணைச்சிருந்தா எல்லாம் அதோட முடிஞ்சிருக்கும்னு சொல்ற ஆளுக இன்னமும் எங்க ஊர்ல இருக்காக. முடிஞ்சிருக்கும்தான். யாருக்கு முடிஞ்சிருக்கும்னுதான் நான் திருப்பிக் கேப்பேன்.

வெம்பக்கோட்டைப் பக்கம் கரிசக்காட்டு ஊரு எங்களது. மழை பெஞ்சாக் காட்டு வேலை, இல்லாட்டித் தீப்பெட்டி ஆபீசு. அக்காளும் நானும் ஒண்ணா உக்காந்து பெட்டி ஒட்டுவோம். அவ புருசன் சோணைமுத்து மச்சான் வெடிக் கம்பெனியில லோடு ஏத்துறவரு. வாயில்லாத மனுசன். ரெண்டு பேருக்கும் சேத்து அக்காதான் பேசுவா.

நாலாவது பிள்ளை பிறந்தப்ப அக்காளுக்கு ரத்தம் நிக்கவேயில்ல. மாட்டுவண்டியில படுக்கப்போட்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஏதோ பிழைச்சா. இன்னொரு பிள்ளைன்னா உசுருக்கு உத்தரவாதமில்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. அறுபத்திரண்டாம் வருசமோ மூணோ, திருத்தங்கல்ல ஆம்பளைகளுக்குக் கருத்தடை ஆபரேசன் கேம்ப் போட்டாக. யாரும் சொல்லாமலே மச்சான் போய்ப் பண்ணிட்டு வந்துட்டாரு. எங்க ஊர்ல அவருதான் முதல் ஆளு.

ஊரே சிரிச்சுச்சு. சோணைமுத்தைக் காயடிச்சு அனுப்பிட்டாங்கன்னு டீக்கடையில கேலி. இனிமே மூட்டை தூக்க மாட்டான்னாக. அவரு கொஞ்ச நாள்ல எப்பவும்போலத் தூக்கினாரு. அதப் பாத்துத்தான் எங்க தெருப் பொம்பளைக ஒவ்வொருத்தியா அக்காகிட்ட வந்து காதோட காதா விசாரிச்சாளுக. பக்கத்து வீட்டு வேலுத்தாய்க்கு ஏற்கெனவே வீடு நிறையப் பிள்ளைக. அடுத்தது வந்துருமோன்னு பயந்து புருசன் பக்கத்துல படுக்கவே மாட்டா. அவ புருசனும் அடுத்த கேம்ப்புக்கு வாரேன்னு வாக்குக் கொடுத்திருந்தான்.

அந்த நேரம் பாத்து அக்கா முழுகாம இருந்தா.

ஊர்ப் பொம்பளைக பிடிச்சுக்கிட்டாளுகளே. ஆபரேசன் பண்ணினவன் பொண்டாட்டி எப்படி உண்டாவா? தீப்பெட்டி ஆபீசு கணக்குப்பிள்ளைகூடச் சிரிச்சுப் பேசினாளாம், ஓடைப் பக்கம் தனியாப் போனாளாம். வாய் கூசாமப் பேசினாளுக, நாசமாப் போறவளுக. ஒருத்தி முடியப் பிடிச்சு நான் உலுக்கின உலுக்குல அவ எங்க வீட்டுப் பக்கம் வாறதையே விட்டுட்டா.

கடைசியில காளியம்மன் கோயில் முன்னால ஊரைக் கூட்டிட்டாக. சந்தேகம்னு வந்துட்டா சாமி முன்னால சூடத்தை ஏத்தி, வெறுங்கையால அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணணும். அது எங்க ஊர் வழக்கம். பண்ணிட்டா அதுக்கு மேல ஒருத்தரும் வாயத் திறக்கக் கூடாது. மாட்டேன்னா ஊர் விலக்கு. ஊர்க் கிணத்துல தண்ணி எடுக்க முடியாது, நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வாசப்படி மிதிக்க மாட்டாக. எங்க அம்மாவே அழுதுக்கிட்டு, கொஞ்சம் கை சுடும் அம்புட்டுத்தானே, அணைச்சுட்டு வீட்டுக்கு வா தாயின்னா. அக்கா மேல ஒரு குத்தமும் கிடையாது. அதனால அணைச்சிருவான்னுதான் நானும் நினைச்சேன்.

அவ சூடத் தட்டுகிட்டயே போகல.

"இன்னைக்கு நான் அணைச்சா நாளைக்கு வேலுத்தாயும் அணைக்கணும்," அப்படின்னா. "ஆபரேசன் பண்ணினவன் பொண்டாட்டி எல்லாரையும் இங்கன கொண்டாந்து நிறுத்துவீக. அப்புறம் எவ தன் புருசனை அனுப்புவா? இந்தப் பிள்ளையப் பெத்து நான் பிழைப்பேனான்னே தெரியல. சாகப் போறவகிட்ட உங்களுக்கு என்ன சத்தியம் வேண்டிக்கெடக்கு?"

நாட்டாமை சங்கிலிமுத்துக்கு முகம் கறுத்துப்போச்சு. மச்சான் பக்கம் திரும்பி, ஏலே, நீ ஆம்பளைன்னா உன் பொண்டாட்டிய அணைக்கச் சொல்லுலேன்னாரு. மச்சான் மெதுவா எந்திரிச்சாரு. இடுப்புல கட்டியிருந்த துண்டை அவுத்துத் தோள்ல போட்டாரு. அந்தச் சபையில தோள்ல துண்டு போட்டு நின்ன ஆள் அதுவரைக்கும் கிடையாது.

"பிள்ளை என்னுது. அதுக்கு மேல உங்களுக்கு என்ன வேணும்?"

அக்கா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு நடந்துட்டாரு. எனக்குச் சந்தோசத்துல அழுகையே வந்துருச்சு.

சொன்ன மாதிரி விலக்கி வச்சாக. வயித்துப் பிள்ளையோட அக்கா ஓடையில ஊத்துத் தோண்டித் தண்ணி எடுத்தா. என்னையும் சேத்து விலக்குங்கன்னு சொல்லிட்டு நானும் குடத்தோட அவ பின்னாடி போனேன். தண்ணி அவளுக்குப் பெருசில்ல. வேலுத்தாய் புருசன் பயந்து பின்வாங்கிட்டான், அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

சங்கதி கேள்விப்பட்டு, எங்க பக்கத்து ஊருகளுக்கெல்லாம் வந்துபோற நர்சம்மா ஞானதீபம் வந்தாக. ஆபரேசன் முடிஞ்சாலும் பழைய வித்து உள்ள தங்கியிருக்கும், மூணு மாசம் விலகி இருக்கணும், கேம்ப்ல யாரும் சொல்லலையான்னு கேட்டாக. மச்சான் இல்லேங்கன்னாரு. அன்னைக்கு இருந்த கூட்டத்துல வரிசையா நிக்க வச்சுப் பண்ணி அனுப்பினாக, யாரும் ஒண்ணும் சொல்லலன்னாரு. நர்சம்மா தலையில அடிச்சுக்கிட்டாக. இப்பவே வாரேன், உங்க நாட்டாமைக்கு நான் விளக்கிச் சொல்லுதேன்னு கிளம்பினவுகளை அக்கா விடல.

"அவருக்கு எதுக்கும்மா? வேலுத்தாய் புருசனுக்குச் சொல்லுங்க."

நர்சம்மாதான் நாள் நெருங்குறதுக்கு முன்னாடியே அக்காளை ஆஸ்பத்திரியில சேத்தாக. இந்தத் தடவையும் ரத்தம் போச்சு. ஆனா டாக்டரம்மா பக்கத்துலயே இருந்தாக, பிழைச்சுக்கிட்டா. பொம்பளைப் பிள்ளை, அப்படியே மச்சான் மூக்கு.

அடுத்த கேம்ப் போட்ட அன்னைக்கு மச்சான் லோடு வேலைக்குப் போகல. பிள்ளையத் தோள்ல சாச்சுக்கிட்டு திருத்தங்கலுக்கு பஸ் ஏறினாரு. வேலுத்தாய் தன் புருசனை முன்னால தள்ளி விட்டுக்கிட்டு ஏறினா. நானும் அக்காளும் பின்னாடி. அங்க வரிசையில நின்ன வெளியூர்க்காரன் ஒருத்தன், ஆபரேசன் பண்ண வந்த இடத்துல கைப்பிள்ளையோட நிக்கீகளே, இது யாரு பிள்ளைன்னு மச்சான்கிட்டக் கேட்டான்.

"என்னுதுதான்லே. ஆபரேசன் பண்ணிட்டு மூணு மாசம் பொறுக்காதவன் பிள்ளை. நல்லாப் பாத்துக்கிட்டு உள்ள போ."