வாங்க வருபவர்களுக்கு ஒரு தாழ்ப்பாள்

நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது வடக்குப்பட்டில் இருந்த எங்கள் வீட்டை விற்பதென்று முடிவாயிற்று. அப்பா வேலை பார்த்த கம்பெனியில் அவருடைய உற்பத்தி லைனையே நிறுத்திவிட்டார்கள். ஓசூரில் வேறு வேலை கிடைத்தது. வீடு விற்றால் எல்லோரும் போகலாம். விற்காவிட்டால் அப்பா மட்டும் போய் அறையெடுத்துத் தங்குவார். அந்த இரண்டாவது யோசனை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அம்மாவுக்கு அதைவிடப் பிடிக்கவில்லை.

முதலில் பார்க்க வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சமையலறையை எட்டிப் பார்த்தார். பூசாத சுவரில் செங்கல் பல்லைக் காட்டியது.

"இன்னா சார், வூட்டப் பாதில வுட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. குடிவந்தபோது மிச்சம் வைத்த வேலைகள் அப்படியேதான் இருந்தன. அம்மா எப்போது கேட்டாலும் அப்பா, "இந்த ஓ.டி. முடியட்டும்" என்பார். அந்த ஓவர்டைம் முடிந்ததேயில்லை. அலமாரி இல்லாததால் டப்பாக்கள் தரையில் சுவரோரமாக நிற்கும். குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. அம்மா குளிக்கும்போதெல்லாம் நான் வெளியே காவல் நிற்பேன். அதைப் பெரிய உத்தியோகமாகவே நினைத்திருந்தேன். அப்பாவையே, "அந்தாண்ட போப்பா" என்று விரட்டலாம்.

அன்றைக்கு அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அடுத்த பார்ட்டி மூஞ்சச் சுளிச்சிக்கினு போவக் கூடாது. காலைலயே கொத்தனாரக் கூப்புடுங்க."

ஷிப்ட் இல்லாமல் வீட்டிலிருந்த அப்பா விடிந்ததும் போய்க் கொத்தனாரைக் கூட்டிவந்தார். அம்மாவே மணல் சலித்தாள், சாந்துச் சட்டி தூக்கினாள். சமையலறைச் சுவருக்குப் பூச்சு வந்தது, கடப்பாக்கல் அலமாரி வந்தது. அவள் தோற்க மறுத்தது தூசியிடம்தான். கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி, காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மதியத்துக்குள் படிந்துவிடும். மறுபடி துடைப்பாள். சுவரில் கை வைத்தால் தொலைந்தேன் என்று எனக்கு எச்சரிக்கை.

கடைசியாக அப்பா குளியலறைக் கதவில் தாழ்ப்பாளை முடுக்கினார். அம்மா துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள். நான் வழக்கம்போல் வாசலில் நின்றேன்.

"நீ போய் வெளையாடு கண்ணு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

வேலை போய்விட்டது என்று புரிந்தது. தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரமாகியும் அவள் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினேன். "இரு, வரேன்" என்றாள். வரவில்லை. இன்னும் வந்தே சேராத பார்ட்டியின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதி வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், கணவருக்கு வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் வேலை. அம்மா ஏலக்காய் தட்டிப் போட்ட டீயை, வீடெல்லாம் மணக்கும்படி அவர்கள் வரும் நேரம் பார்த்துக் கொதிக்கவைத்திருந்தாள். அந்த அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தார். பளபளவென்று டப்பாக்கள் அடுக்கிய அலமாரியைத் தடவிப் பார்த்தார்.

"இவ்ளோ நல்லா வச்சிருக்கியளே அக்கா, விட்டுட்டுப் போக எப்படி மனசு வருது?"

அம்மா சிரித்தாள். "நான் இந்த வூட்டுல குடியிருக்க ஆரம்பிச்சே ஒரு வாரந்தாம்மா ஆவுது."

அந்த அக்காவும் சிரித்தார். பிறகு ஏனோ சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே பேச்சு முடிந்தது.

அவர்கள் போனதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா உங்கம்மாவ! வூடு புத்தம் புதுசுன்னு எப்டி நைசா சொல்லிட்டா!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மா டீ கிளாஸ்களைக் கழுவி அலமாரியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நடை பழகியதே அந்த வீட்டில்தான். ஒரு வாரமாம்! ஓசூரில் புதுப் பள்ளியில் சேர்ந்ததும், எங்கம்மா ஒரே ஒரு பொய் சொல்லி வீட்டை விற்ற கெட்டிக்காரி என்று தோழிகளிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.