மழையைத் தின்ற கம்பம்

எண்பதுகளின் நடுவில் நான் இயற்பியலில் முனைவர் பட்டத்துக்காகச் செத்துக்கொண்டிருந்தேன். இடிமேகத்தின் மின்புலத்தை அளப்பது என் வேலை. அதற்காக ஏற்காட்டில், நாகலூரைத் தாண்டி ஒரு காபி எஸ்டேட்டில் பழைய குடோனை வாடகைக்குப் பிடித்து, பக்கத்தில் உயரமான இரும்புக் கம்பம் நட்டிருந்தேன். உச்சியில் மோட்டாரில் சுழலும் உலோகத் தட்டு. மேகம் வந்தால் குடோனுக்குள் ஒரு முள் காகிதச் சுருளில் கோடு கிறுக்கும். முதல் வருடம் மோட்டார் புகைந்தது. அடுத்த வருடம் எலி வயரைக் கடித்தது. இது மூன்றாவது கோடை. இந்த முறையும் ஒரு நல்ல இடிமழையைப் பதிவு செய்யாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், ஆராய்ச்சிக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். என் நெறியாளர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினார். அவர் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் கழுத்தை நெரிக்கத் தோன்றும்.

மலையில் எனக்குப் பேச்சுத்துணை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்தான். அவர் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர். ஒருநாள் டீக்கடையில் அவரோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு விவசாயி கேட்டார்.

"ஏனுங்க, அந்தக் கம்பம் என்னதாங்க பண்ணுது?"

சரியாகத் தூங்காத எரிச்சல் எனக்கு. "மேகத்துல இருக்கற கரண்டை எல்லாம் உறிஞ்சிக்கும்ங்க" என்றேன். கடையே சிரித்தது. எல்லோரையும்விட ரைட்டர்தான் சத்தமாகச் சிரித்தார்.

அந்த வருடம் கோடை மழை வரவில்லை. அது பெய்தால்தான் காபி மொட்டு விரியும். பெய்யாவிட்டால் கருகி உதிரும், வருடப் பிழைப்பே போய்விடும். தினமும் மத்தியானம் மேகம் திரளும், கலையும். டீக்கடையில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. பிறகு டீயும் நின்றது.

ஒருநாள் விவசாயிகள் கடப்பாரையோடு குடோனுக்கு வந்தார்கள். முன்னால் ரைட்டர்.

"கம்பத்தைப் புடுங்கிருங்க. மொட்டெல்லாம் நொம்ப காயுது" என்றார் அன்று டீக்கடையில் கேட்ட விவசாயி.

"உறிஞ்சும்னு சொன்னது வெளையாட்டுக்குங்க. அது சும்மா அளக்குது, அவ்வளவுதான்."

"அளந்தாலே அளக்கற பொருள் மாறிப்போயிரும்னு நானும் படிச்சிருக்கறனுங்க" என்றார் ரைட்டர்.

அது எலக்ட்ரானுக்கு, மேகத்துக்கு இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்கம் பாதியில் இருக்கும்போதே முதல் கடப்பாரை இறங்கியது. கம்பம் சாய்ந்தது. தட்டு பாறையில் மோதி நசுங்கியது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. பாய்ந்து ரைட்டரின் மூக்கில் குத்தினேன். ரத்தம் என் சட்டையெல்லாம் தெறித்தது. இன்னும் குத்தினேன். யாரோ என் முடியைப் பிடித்து இழுத்தார்கள், வயிற்றில் உதைத்தார்கள், கீழே விழுந்தேன். கடப்பாரை ஒன்று என் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதற்குள் இரண்டு பேர் உள்ளே போய்க் காகிதச் சுருளைக் கிழித்து, முள் இருந்த பெட்டியை மிதித்து நொறுக்கிவிட்டார்கள்.

கையைத் துண்டில் கட்டிக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது வானம் கிழிந்தது. மூன்று வருடம் நான் காத்திருந்த மழை. கண்ணெதிரே ஒரு சில்வர் ஓக் மரத்தை இடி இரண்டாகப் பிளந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே கை நீட்டி நனைந்து சிரித்தார்கள். அத்தனை பேரையும் வெட்டிப் போடலாம் போல இருந்தது. அந்த ஆத்திரத்தோடுதான் மலை இறங்கினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நெறியாளர் வந்தார். கதையைக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். போகும்போது, "உதவித்தொகைக்கு இனி என்னால எழுத முடியாதுப்பா" என்றார்.

சாயங்காலம் ரைட்டர் வந்தார். மூக்கில் பெரிய கட்டு, கையில் ஒரு பை ஆரஞ்சு.

"மன்னிச்சுருங்க, கை நொம்ப வலிக்குதுங்களா?"

"மூக்கு எப்படி இருக்குதுங்க?"

"பரவால்லீங்க." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் யோசித்தவர் போலப் பேசினார். "ஒடைச்ச அன்னிக்கே பேஞ்சுருச்சு. ஆனா ஒருதடவ நடந்ததை வெச்சு எதையும் முடிவு பண்ணக்கூடாதில்லீங்களா? அடுத்த கோடைக்கும் கொண்டாந்து நடுங்க. மழை நிக்குதான்னு பாப்போம். நின்னா மறுபடியும் ஒடைச்சுப் பாப்போம்."

கேலி இல்லை. உண்மையாகத்தான் சொன்னார். முறையான சோதனையும் அதுதான், என் நெறியாளர்கூட இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் எனக்கு அடுத்த கோடை என்று ஒன்று இல்லை. மாவுக்கட்டுப் போட்ட கையை ஓங்கி அதே மூக்கில் இறக்கினேன்.