சிவந்து பொங்கிய ரசம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தோவாளைப் பக்கம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவச் சபையில் அசனப் பண்டிகை. ஊரே சாதி, மதம் பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். எனக்கும் என் மதினிக்கும் பாத்திரம் கழுவும் வேலை. அதற்கு வாஷிங் சோடாவை விட்டால் வேறு கதி ஏது! வெந்நீரில் ஒரு பிடி போட்டால் அண்டாவின் எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் கழன்று ஓடும். ஆனால் கை எரியும், அலுமினியம் கறுத்துப்போகும். மஞ்சள் கறையில் பட்டால் செக்கச்செவேலென்று ஆகிவிடும்.

அன்று சோடா பாக்கெட் நனைந்து கிழிந்ததால், மதினி அதை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கொட்டி அடுப்புப் பக்கம் வைத்துவிட்டாள். உப்பும் அதே மாதிரி கிண்ணத்தில்தான் இருந்தது.

சமையல்காரர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாக்களுக்குச் சமைத்துப் பழகியவர். "எந்தச் சாமிக்கா இருந்தா என்ன? ஜெபம் முடியாம நான் நாக்குல வைக்க மாட்டேன்" என்பார். உப்பெல்லாம் கைக்கணக்குதான்.

கொதிக்கும் ரசத்தில் அவர் கைநிறைய அள்ளி அள்ளிப் போட்டார். புஸ்ஸென்று நுரை பொங்கியது. நுரையின் ஓரமெல்லாம் சிவப்பு! கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணாச்சி, வெளம்பிராதீங்கோ! அது உப்பில்ல, சோடாவாக்கும்!"

மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பச்சப்பிள்ளைகளுக்கு வாய் வெந்து போயிருக்குமே! இனி எனக்க கையை யாரு நம்புவா?" என்று கண் கலங்கினார். மதினி ஓடிவந்து கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். "கிண்ணத்தை அங்கன வச்சது நானாக்கும். நீங்க எழும்புங்கோ அண்ணாச்சி, வேற ரசம் வைப்போம்."

ஆராதனை முடியும் நேரம். நான் ஆலயத்துக்குள் ஓடி, போதகரின் காதில் விஷயத்தைச் சொன்னேன். புண்ணியவான், முடித்த பிரசங்கத்தை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார்! ஜனங்கள் பசியில் நெளிந்தார்கள். வெளியே நாங்கள் சோடா ரசத்தைக் கொட்டி, அண்டாவைத் தேய்த்துக் கழுவி, புதுப் புளி கரைத்தோம். அன்றைக்கு அந்த ரசத்தைக் கையில் வாங்கிக் குடிக்காதவர்கள் இல்லை.

இப்போதும் எங்கள் அசனத்துக்கு அவர்தான் சமைக்கிறார். சோடா அடுப்புப் பக்கமே வராது. ரசத்தை இறக்குமுன், "தங்கச்சி, எனக்க விரதம் கெடாம நீ ருசி பாத்துச் சொல்லு" என்று முதல் சொட்டை என் உள்ளங்கையில் விடுவார். சுடச்சுட அதை நாக்கில் வைக்கும்போதெல்லாம், அவர் விரதமும் எங்கள் ஜெபமும் ஒரே அடுப்பில்தான் வேகின்றன என்று நினைத்துக்கொள்வேன்.