பூஜைக்குக் கழுவிய தொட்டிகள்

பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் வீட்டுக்கு அடுத்த போர்ஷன் ஸ்வர்ணாவுடையது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும்போது தலைப்பிரட்டையைப் பற்றிப் பேசுகிறவள் இந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் எப்போது என்று தெருவே கேட்டது. "தீசிஸ் முடியட்டும்" என்பதைத் தவிர அவள் வேறு பதில் சொன்னதில்லை.

தவளைக்குஞ்சில் என்னடி ஆராய்ச்சி என்று முதலில் கேலி செய்தவள் நான்தான். அவள் கோபித்துக்கொள்ளாமல் விளக்கினாள். குட்டையில் தண்ணீர் வற்றத் தொடங்கினால் தலைப்பிரட்டைக்குத் தெரிந்துவிடுமாம். அதன் மூளை சி.ஆர்.எஃப். என்ற சின்னப் புரதத் துண்டைச் சுரக்கும். அது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியை உசுப்பும், பிட்யூட்டரி தைராய்டை முடுக்கும், தைராய்டு காலை வளர்த்து வாலைக் கரைத்துவிடும். நம் உடம்பில் பதற்றத்துக்கென்று இருக்கிற அதே துண்டு, அங்கே தைராய்டை முடுக்கும் பொறுப்பையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறது. குட்டை காய்வதற்குள் கரையேறினால் உயிர் தப்பலாம். ஆனால் அவசரமாகத் தவளையானது பெரும்பாலும் பொடிசாகவே நின்றுவிடும்.

அந்தத் துண்டை ஒரு மருந்தால் தடுத்தால் தண்ணீர் குறைந்தாலும் தலைப்பிரட்டை பதறாதா என்பதுதான் அவளுடைய கடைசி அத்தியாயம். அதைச் சொல்ல, நிறைந்த தண்ணீரில் ஒரு தொந்தரவும் இல்லாமல் வளரும் கூட்டம் ஒன்று ஒப்பிடுவதற்கு வேண்டும். அது கெட்டால் மற்றதெல்லாம் வீண். அவளுடைய தவளை மழைக்காலத்தில் மட்டுமே முட்டையிடும். பல்கலைக்கழகம் கடைசி நீட்டிப்பும் கொடுத்துவிட்டது. இன்னொரு மழைக்கு அவளுக்கு வாய்ப்பில்லை.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் ஆட்டோவிலிருந்து ஆய்வகம் வரை அன்று எல்லாவற்றுக்கும் குங்குமம் உண்டு. ஸ்வர்ணாவின் வழிகாட்டி சேஷகிரி இந்த விஷயத்தில் ரொம்பவே கறார். பூவும் பூசணிக்காயும் வாங்கிவர மார்க்கெட்டுக்கு யாரை அனுப்புவது? ஆராய்ச்சி மாணவர்களில் ஒரே பெண் அவள். வருஷா வருஷம் அவள்தான் போனாள், அந்த வருஷமும் போனாள்.

டிராஃபிக்கில் மாட்டிச் சாயங்காலம் திரும்பியபோது, ஆய்வகத்தில் அவள் தலைப்பிரட்டை வளர்த்த தொட்டிகள் எல்லாம் காலியாகப் பளபளத்தன. ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு, குங்குமம், செவ்வந்திச் சரம். தலைப்பிரட்டைகள் பிளாஸ்டிக் டப்பாக்களில், நாலு விரல் தண்ணீரில் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிடந்தன. நிறைதண்ணீர்க் கூட்டமும் அப்படித்தான் கிடந்தது. மாற்றியவன் அவளுக்கு ஜூனியரான கிஷோர். சார் தொட்டிகளைக் கழுவச் சொன்னார், ஒரு லேபிள்கூட மாறாமல் மாற்றிவிட்டேன் என்று அவன் பெருமையாகவே சொன்னானாம்.

அந்த நேரத்திலாவது திரும்பத் தொட்டியில் விட்டிருந்தால் பிழைத்திருக்கும். அவள் சேஷகிரியிடம் ஓடிக் கெஞ்சினாள்.

"பூஜைல வெச்ச சாமானை எடுக்கக் கூடாதும்மா. நாளன்னிக்கு மாத்திக்கலாம், ஒண்ணும் ஆகாது."

இதைச் சொன்னவர் சி.ஆர்.எஃப். பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர். தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவரிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது என்று அவள் பிறகு என்னிடம் கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைத்தான் திட்டினேன். குங்குமத்தைத் துடைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றியிருக்க வேண்டாமா? சாமி குத்தம் என்றால் அது அவளோடு போயிருக்கும். நான் அவளிடத்தில் இருந்திருந்தால் செய்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

வாசலில் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்தார்கள். மறுநாள் விஜயதசமி விடுமுறை, வளாகமே பூட்டிக் கிடந்தது. அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. நிறைதண்ணீர்க் கூட்டம் அடுத்த வாரமே முண்டியடித்து வாலை இழந்து தவளையானது. ஒவ்வொன்றும் விரல் நகம் அளவுதான் இருந்தது என்றாள்.

ஆய்வுக் குழு ஒப்பீட்டுக் கூட்டமே சரியில்லை என்றது. என்ன நடந்தது என்று கேட்டார்கள். குழுவில் சேஷகிரியும் இருந்தார். பராமரிப்பில் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாராம். ஸ்வர்ணா அப்போதும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. பட்டம் இல்லாமல் வெளியே வந்தாள்.

இப்போது பொம்மனஹள்ளியில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வந்த தலைசுற்றலையும் வாந்தியையும் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. போன மாதம் தண்ணீர் லாரிக்கு நின்றபோது போனை என்னிடம் நீட்டினாள். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வந்திருந்தது. நீர் சற்றே குறைந்தாலும் தலைப்பிரட்டையின் பிட்யூட்டரி எவ்வளவு வேகமாக விழித்துக்கொள்கிறது என்பது பற்றியது. அவளுடைய அந்தப் பொடித் தவளைகளின் அளவுகளையே எடுத்து, அடுத்த மழையில் கிஷோர் புதிதாக வளர்த்த கூட்டத்தோடு ஒப்பிட்டிருந்தார்கள். ஆசிரியர்கள் கிஷோரும் சேஷகிரியும். தண்ணீரைத் திட்டமிட்டே குறைத்ததாக எழுதியிருந்தார்கள். ஸ்வர்ணாவின் பெயர் கடைசியில், தொட்டிகளைப் பராமரித்ததற்கான நன்றியில் இருந்தது.

பத்திரிகைக்கு எழுதிப் போடு, நாறடிக்கலாம் என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போனை வாங்கி அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தாள்.

"எல்லாம் கரெக்டா போட்டிருக்காங்க ரமா. நான் பூசணிக்கா வாங்கப் போனது மட்டும்தான் இதுல இல்ல."

லாரி வந்தது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள்.