பின்னால் நீண்ட கை

ஓடிக்கொண்டிருந்தபோது என் இடது கை தானாகப் பின்னால் நீண்டு, விரலால் தரையைக் காட்டியது. செம்மண் பாதையில் ஒரு குழி. சைக்கிளில் முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்குக் காட்டும் சைகை அது. என் பின்னால் யாரும் இல்லை. மலேசியாவில் கோலசிலாங்கூரை அடுத்த எங்கள் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில், நான் ஓடத் தொடங்கிய முதல் காலையில் நடந்தது இது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

அந்தச் சைகைக்கு உரியவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். வாரம் முழுக்க ரோட்டில் கிடந்தது போதாதென்று, ஞாயிறு விடிந்ததும் சைக்கிளோடு என் வாசலில் வந்து நிற்பார். "எந்திரி மாப்ள, வெயில் ஏறிட்டா அப்புறம் என்னைத் திட்டாத லா!" தஞ்சோங் காராங் தாண்டி, வயல்களுக்கு நடுவே செகிஞ்சான் வரைக்கும் போவோம். கடற்காற்று எதிரே அடிக்கும். ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர் சக்கரத்தை ஒட்டியே பின்னால் வருவார். களைத்ததும் இடம் மாறிக்கொள்வோம். பின்னால் இருப்பவனுக்கு ரோடு தெரியாது, முன்னால் போகிறவனின் முதுகுதான் தெரியும். அதனால் குழி, கல், செத்துக் கிடக்கும் உடும்பு என்று எல்லாவற்றையும் கை காட்டிச் சொல்ல வேண்டும். நான் காட்டினால் உடனே "சரி மாப்ள" என்று குரல் வரும். ஒவ்வொரு குழிக்கும் வரும். ஒருநாள் எரிச்சலாகி, "எல்லாத்துக்கும் பதில் சொல்லணுமா மச்சான்?" என்று கேட்டேன். "நான் சொல்லலன்னா நீ திரும்பிப் பார்ப்ப. திரும்பிப் பார்த்தா விழுந்துடுவ" என்றார்.

போன வருடம் ஒரு மதியம், சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு தனியாகச் சைக்கிளை எடுத்தேன். வயல் ரோட்டில் காற்று முகத்தில் அடித்தது, இடம் மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். குழி ஒன்றைக் காட்டினேன், பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். சைக்கிள் ஆடிப்போய் ரோட்டோரப் புல்லில் இறங்கி நின்றது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைச் சுவரில் மாட்டிவிட்டேன்.

ஓடினால் இந்தத் தொல்லை இருக்காது, பின்னால் ஆள் வேண்டியதில்லை என்று நினைத்தேன். இத்தனை வருடம் மிதித்த காலுக்கு ஓட்டம் என்ன பிரமாதம் என்ற தெனாவட்டு வேறு. மூச்சு இருந்தது, கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் கொஞ்ச தூரம் உருளும்; ஓட்டத்தில் அந்தச் சலுகையெல்லாம் கிடையாது, நிறுத்தினால் நின்றதுதான். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று, "என்னா தம்பி, சைக்கிள வித்துட்டியா?" என்று சிரித்தார். "சும்மாதான்கா" என்று நொண்டிக்கொண்டே போனேன். வீட்டில் மனைவி எண்ணெயைச் சுடவைத்துக் காலில் தேய்த்துவிட்டாள். எனக்கு அவர் மச்சான், அவளுக்கோ கூடப்பிறந்த அண்ணன். அவளிடம் போய், நான் தனியாகிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

மாதங்கள் போயின. கால் பழகிவிட்டது, குழியருகே கை நீள்வது மட்டும் தொடர்ந்தது. இன்று காலை எங்கும் நிற்காமல், இடிந்த பழைய லயத்து வீடுகளுக்கு அப்பால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரை ஓடிவிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. முகத்தைத் துடைக்கும்போதுதான் உறைத்தது: அந்தக் குழியைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன், கை நீளவே இல்லை. முதல் நாள் நான் வெட்கப்பட்ட அதே கைதான். ஆனால் அது மறந்துவிட்டது என்று தெரிந்ததும் முகம் துடைப்பதை நிறுத்திவிட்டேன். அது நீண்டுகொண்டிருந்த வரைக்கும் அவர் என் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஐயோ, அவரை நானே வழியில் விட்டுவிட்டு வந்துவிட்டேனே என்றிருந்தது.

வந்த வழியே குழியைத் தாண்டி நடந்து போனேன். அங்கிருந்து மறுபடியும் ஓடி வந்தேன். குழி வந்ததும் இடது கையைப் பின்னால் நீட்டி, விரலால் தரையைக் காட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை.