மதினி திறந்த மூடி

குற்றாலத்துத் தண்ணீர் கடலில் சேரும் புன்னைக்காயல் கழிமுகத்திலிருந்து சேறு கொண்டுவந்து, காற்றுப் புகாத பாட்டிலில் தென்காசி வீட்டில் வைத்திருந்தேன். அந்தச் சேற்றில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் நுண்ணுயிர்கள், காற்றுப் பட்டால் அந்த வேலையை நிறுத்திவிடும். சேறு கெட்டால் என் முதுகலை ஆய்வு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்தருவிக்குப் போய்த் திரும்பினால், பாட்டில் திறந்து கிடந்தது.

"உசிரு இருக்குன்னு நீதானட்டி சொன்ன. மூச்சு முட்டும்லா?" என்றார் அண்ணன் மனைவி.

"அதுகளுக்குக் காத்தே ஆகாது மதினி."

"அப்போ ஆத்துக்கு யாரு மூடி போட்டிருக்கா?"

கத்த வாயெடுத்தவள் நின்றுவிட்டேன். கடல்நீர் இறங்கும்போது சேற்றின் மேல் காற்றுப் படும். அந்தக் காற்றில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் உண்டாக்கும் நைட்ரேட்தான் அடியில் இருப்பவற்றுக்குச் சாப்பாடு. படித்திருந்தும் பாதிக் கழிமுகத்தைத்தான் அடைத்து வைத்திருந்தேன்.

இப்போது இரண்டு பாட்டில்கள். ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க, மூடியே இருக்கும். மற்றதை மதினி தினமும் திறந்து மூடுகிறார். என் ஆய்வுக்கு அடித்தளம் மதினி திறக்கும் அந்தப் பாட்டில்தான்.